125 என்றால் சின்ன அளவா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது. கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்தியதிலிருந்து வீட்டோடுதான். மார்கழி, தையில் மழையும் மூட்டமும் என்று வாசலுக்குக்கூட வருவதில்லை. கால் எலும்பு வலிக்கிறது என்கிறார். டவுன் பாமசியில் விற்றமின் டி3 போத்தல் ஒன்றைக் காட்டி, "125 மைக்ரோகிராம்தான், சின்ன அளவு, தினமும் ஒன்று கொடுங்கள்" என்றார்கள். ஏற்கெனவே கல்சியம் மாத்திரையும் குடிக்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்த 125 சின்ன அளவே இல்லை. விற்றமினை அளக்க ஐ.யூ. (சர்வதேச அலகு) என்று இன்னொரு அளவும் உண்டு. விற்றமின் டியில் ஒரு மைக்ரோகிராம் என்பது 40 ஐ.யூ., ஆக அந்த மாத்திரையில் 5,000 ஐ.யூ. இருக்கிறது. அம்மாவின் வயதில் ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 600 ஐ.யூ., 70 தாண்டினால் 800. வைத்தியர் சொல்லாமல் தினமும் 4,000-க்கு மேல் போகக்கூடாது. ஒரே மருந்தை ஒரு கம்பனி மைக்ரோகிராமிலும் இன்னொன்று ஐ.யூ.விலும் அச்சடிப்பதால் வரும் வினை இது. கடைக்காரரே குழம்பியிருக்கலாம்.

வீட்டிலுள்ள கல்சியம் அட்டையையும் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் டி3 சேர்ந்தே வருகிறது. அதையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். இந்த விற்றமின் கொழுப்பில் கரைவது, மிஞ்சினால் உடம்பிலேயே தங்கிவிடும். மாதக்கணக்கில் அளவு மீறினால் இரத்தத்தில் கல்சியம் ஏறி வாந்தி, அடங்காத தாகம், சிறுநீரகக் கல் என்று கொண்டுபோய் விடும்.

எலும்பு வலிக்கு வேறு காரணமும் இருக்கலாம். முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் சொன்னால் 25-ஹைட்ரொக்சி விற்றமின் டி என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்யலாம். குறைவு பெரிதாக இருந்தால் 50,000 ஐ.யூ. மாத்திரையை வாரம் ஒன்று என்று அவரே எழுதித் தருவதுண்டு. பக்கத்து வீட்டம்மாவுக்கு எழுதிய துண்டைக் காட்டி அதை வாங்கிவிடாதீர்கள்.

வெயில் தோலில் பட்டால் உடம்பே இந்த விற்றமினை உண்டாக்கும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து நிற்பதால் அது நடக்காது என்று ஐரோப்பாக்காரர்களுக்குச் சொல்லும் கணக்கு நமக்குப் பொருந்தாது. மார்கழியிலும் நுவரெலியாவில் நண்பகல் சூரியன் வானத்தில் நன்றாக ஏறித்தான் நிற்கிறது. நமக்குத் தடை மூட்டமும் ஸ்வெட்டரும்தான். காலை இளவெயில்தான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். குளிர் காய நல்லதுதான், விற்றமினுக்கு அது போதாது. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம், பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள், மூட்டம் விலகியதும் கையையும் காலையும் திறந்து கொஞ்ச நேரம் வாசலில் உட்காரட்டும். தோல் சுடுமளவுக்கு வேண்டாம். கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் இருந்தால் பயனில்லை.

சாப்பாட்டில் சாளை, டின்மீன் மாதிரி கொழுப்புள்ள மீன் நல்லது. முட்டை மஞ்சள் கருவில் கொஞ்சம் உண்டு. பால்மாவில் சேர்த்திருக்கிறார்களா என்று பக்கெட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியில் மாத்திரைதான் என்றானால் 400 அல்லது 1,000 ஐ.யூ. கேளுங்கள், பகல் சாப்பாட்டோடு கொடுங்கள். காலாவதித் திகதி, இறக்குமதி செய்தவரின் பெயர், அதிகபட்ச சில்லறை விலை மூன்றும் இல்லாத போத்தலைத் தொடாதீர்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் சொல்லலாம்.