அச்சாரம் போட்ட வீட்டை 4 லட்சம் கூட்டிக் கேட்கலாமா?

கேள்வி: காட்பாடி காந்திநகரில் நான் வாடகைக்கு இருக்கும் தெருவிலேயே ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. அரை கிரவுண்டு மனை, தரைத்தளம் மட்டும். கணவரை இழந்த ஓர் அம்மா விற்கிறார். குடியாத்தம் பக்கத்து வாத்தியார் ஒருவர் 58 லட்சத்துக்குப் பேசி முடித்து, 1 லட்சம் அச்சாரம் கொடுத்து, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். 45 நாளில் கிரயம் என்று பேச்சு. எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. புரோக்கரோ, "இன்னா சார் யோசிக்கிறீங்க, அக்ரிமெண்ட்டே பதிவு பண்ணல. 62-ன்னு கேளுங்க, அந்தம்மா அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துடும். மேல் நாலு லட்சத்தைக் கையில குடுத்துட்டா பத்திரச் செலவும் மிச்சம்" என்கிறார். லண்டனில் இருக்கும் என் மைத்துனர், அங்கே இது சகஜம், சட்டப்படி தப்பே இல்லை என்கிறார். என் மனைவிக்கு மனசு ஒப்பவில்லை. கையில் 19 லட்சம் இருக்கிறது, மீதிக்கு வங்கிக் கடன். கேட்கலாமா?
(பெயர் வேண்டாம், காட்பாடி)

பதில்: கேட்காதீர்கள். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஆனால் "மனசு ஒப்பவில்லை" என்பதற்கு முன்னால் புரோக்கரின் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம். அதில் பாதி உங்களுக்குச் சொல்லப்படவே இல்லை.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டின் மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் உச்சம். பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. மதிப்பைச் சொல்பவர் புரோக்கர் அல்ல, வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர். ஏற்கெனவே 58-க்குப் படிந்த வீட்டுக்கு அவர் 58 என்றே எழுதினால் கடன் 46.40 லட்சம். நீங்கள் 62 என்று பத்திரத்தில் காட்டினால் மீதி 15.60 லட்சமும், முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 5.58 லட்சமும் உங்கள் கையிலிருந்து வரவேண்டும். மொத்தம் 21.18 லட்சம். நாலு லட்சத்தைக் கறுப்பில் கொடுத்தாலும் 20.82. உங்களிடம் இருப்பது 19. மதிப்பீட்டாளர் மனம் இரங்கி 62 என்றே எழுதினால் 17.98 ஆகும், ஆனால் கமிஷனும் வங்கிக் கட்டணமும் போனால் ஒட்டடை அடிக்கக்கூடக் காசு மிஞ்சாது. ஏலத்தில் கூட்டிக் கேட்கும் கடைசி நாலு லட்சத்துக்கு வங்கி துணைக்கு வராது என்பதைப் பலரும் நகையை அடகு வைக்கும் அன்றுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

"கையில குடுத்துட்டா" என்பதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வீடு, மனை விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கக் கூடாது. மீறினால் வாங்கியவர்மேல் அதே அளவு தொகை அபராதமாக விழலாம். அதாவது அந்த அம்மாமேல். நன்மை செய்வதாகச் சொல்லி அவரை மாட்டிவிடும் யோசனை இது.

இனி சட்டம். "பதிவு பண்ணல" என்ற ஒற்றைச் சொல்லை நம்பித்தான் புரோக்கர் வண்டி ஓட்டுகிறார். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்பது உண்மை. ஆனால் பதியாத ஒப்பந்தம் செத்த காகிதம் ஆகிவிடாது. ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரச் சொல்லிப் போடும் வழக்கில் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே. வெள்ளைத்தாள், 1 லட்சம் போன வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் வாத்தியார் கையில் இருக்கும். கிரயத்துக்குப் பேசிய கெடு முடிந்து 3 ஆண்டுக்குள் அவர் வழக்குப் போடலாம். இப்படிப்பட்ட வழக்கில் கிரயம் செய்யச் சொல்வதா, பணத்தைத் திருப்பித் தரச் சொல்வதா என்று முன்பு நீதிமன்றத்துக்கு நிறைய விருப்புரிமை இருந்தது. 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதைச் சுருக்கிவிட்டது.

உங்களுக்கு உண்மையில் கத்தியாக இருப்பது வேறொன்று. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம், 19-ஆம் பிரிவு. முதல் ஒப்பந்தம் இருப்பது தெரியாமல், நல்லெண்ணத்தில், பணம் கொடுத்து வாங்கிய இரண்டாமவருக்கு அந்தப் பிரிவு பாதுகாப்பு தருகிறது. தெரிந்தே வாங்கியவருக்குத் தருவதில்லை. நீங்கள் தெரிந்தவர். எனக்கு எழுதிய கேள்வியிலேயே அச்சாரம் எவ்வளவு, கெடு எத்தனை நாள் என்று துல்லியமாகச் சொல்கிறீர்கள்! வில்லங்கச் சான்று சுத்தமாக வரும், வங்கியின் வக்கீல் சரி என்பார், சார் பதிவாளர் பதிவும் செய்வார்; பதியாத தாள் வில்லங்கத்தில் ஏறாது அல்லவா? அதன்பிறகு சத்துவாச்சாரி கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால், தவணை கட்டிக்கொண்டே வாய்தாவுக்கும் போகவேண்டும். வழக்கு முடியும்வரை அந்த வீட்டை நிம்மதியாக விற்கவும் முடியாது.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். ஜலகண்டேஸ்வரர் 1981-ல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். காலியான அந்த இடத்தில் "பதிவு இல்லாத அக்ரிமெண்ட்" என்று சேர்த்துக்கொள்ளலாம்போல, அவ்வளவு பேர் என்னிடம் இதே கதையோடு வருகிறார்கள்.

உங்கள் மைத்துனர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. இங்கிலாந்தில் ஒரு விலையை உரிமையாளர் ஒப்புக்கொண்டாலும், இரு தரப்பு வக்கீல்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொள்ளும்வரை யாரையும் அது கட்டுப்படுத்தாது. இடையில் ஒருவர் கூட்டிக் கேட்டுத் தட்டிக்கொண்டு போவதற்கு "கசம்பிங்" என்று பெயரே உண்டு, அது பாராட்டுச் சொல் இல்லை. பக்கத்து ஸ்காட்லாந்தில் வக்கீல்களின் கடிதப் பரிமாற்றம் முடிந்ததுமே இரு தரப்பும் கட்டுப்படுகிறார்கள். மைத்துனர் கவனிக்காத ஒரு வேறுபாடு இருக்கிறது. அங்கே விலை ஒப்புக்கொண்ட கட்டத்தில் வாங்குபவர் பொதுவாக உரிமையாளருக்கு முன்பணம் கொடுத்திருக்க மாட்டார். ஒப்பந்தம் கைமாறும்போதுதான் வழக்கமாக 10 சதவீதம் கட்டுவார். அவர்களுடைய "ஆஃபர்" நம் ஊர் "பேசி வச்சிருக்கோம்" என்பதற்குச் சமம். அச்சாரம் அதற்கு அடுத்த படி.

நியாயமும் அந்தப் படியில்தான் மாறுகிறது என்பது என் எண்ணம். வெறும் பேச்சாக இருக்கும்வரை பத்துப் பேர் கேட்கட்டும், அந்த அம்மா அதிகம் தருபவருக்குக் கொடுக்கட்டும். அதில் யாருக்கும் துரோகம் இல்லை. அச்சாரம் கைமாறிய மறுநாளே வாங்குபவரின் குடும்பம் நகர ஆரம்பித்துவிடும். வாத்தியார் ஊரில் நிலத்தை விலை பேசியிருக்கலாம், வைப்புநிதியை முறித்திருக்கலாம், பிள்ளைக்குக் காட்பாடியில் பள்ளி பார்த்திருக்கலாம். 1 லட்சம் திரும்ப வந்தால் இதெல்லாம் திரும்பி வராது.

நானும் ஒருமுறை அந்த வாத்தியார் இடத்தில் இருந்தேன். பல வருடங்களுக்கு முன் தொரப்பாடியில் ஒரு வீட்டுக்கு 25,000 அச்சாரம் கொடுத்தேன். மூன்றாவது வாரம் உரிமையாளர் வீடு தேடி வந்து, பேசியபடியே இரட்டிப்பாக 50,000 வைத்துவிட்டுப் போனார். ஏமாற்றவில்லை, சொன்ன சொல்படி நடந்தார். "மூணு வாரத்துல ரெட்டிப்பு, எந்த பேங்க்ல தர்றான்?" என்று நண்பர் சிரித்தார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. அந்த வீட்டு முற்றத்தில் எங்கே துளசிமாடம் வைப்பது என்று அம்மா முடிவு செய்திருந்தார் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு எதிர்க்கேள்வி நியாயமானது: விற்பது தனியாக இருக்கும் ஓர் அம்மா, 4 லட்சம் அவருக்குப் பெரிய பணம், அதைக் கெடுக்க நாம் யார்? வீடு மலிவாகப் போகிறது என்று அவரே உணர்ந்தால், வாத்தியாரை அழைத்து நேராகப் பேசட்டும். கூட்டித் தர முடியுமா என்று கேட்கட்டும், முடியாதென்றால் இருவரும் மனமொத்துப் பிரியட்டும். அது அவர்களுக்குள். 62 என்ற எண்ணை அவர் காதில் போடும் ஆள் நீங்களாக இருக்கக் கூடாது என்பதே நான் சொல்வது.

புரோக்கரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: வாத்தியாரைக் கூட்டிவந்தது யார்? வேறொரு புரோக்கர் என்றால், அந்தப் பேரம் முடிந்தால் இவருக்குப் பைசா இல்லை. நாலு லட்சத்தின்மேல் கிடைக்கும் கமிஷனுக்காக இவர் இவ்வளவு மெனக்கெடவில்லை என்பது அப்போது புரியும்.

உங்களுக்கு அந்த வீட்டின்மேல் ஆசை விடவில்லையென்றால், அந்த அம்மாவையே பார்த்து, "இந்தக் கிரயம் ஏதாவது காரணத்தால் நின்றுபோனால் எனக்குச் சொல்லுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். விலை பேசாதீர்கள். 45 நாள் கெடு முடிந்து பேரம் தானாக முறிந்தால், அச்சாரம் திரும்பப் பெற்றேன், இனி பாத்தியதை இல்லை என்று வாத்தியார் கையெழுத்திட்ட கடிதம் வந்தபிறகே பணத்தை எடுங்கள். அதற்குள் அவர்கள் ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருந்தால் கடிதம் போதாது. இரு தரப்பும் சேர்ந்து பதியும் ரத்து ஆவணம் வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தை முதல் நாளே பதிவு செய்துவிடுங்கள், முன்பணம் முழுவதும் வங்கி வழியாகப் போகட்டும். விலை 50 லட்சத்தைத் தொடுவதால் 1 சதவீத வருமான வரியை நீங்கள்தான் பிடித்துக் கட்டவேண்டும், அதையும் அந்த அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். கழிஞ்சூர், விருதம்பட்டுப் பக்கம் பார்த்தீர்களா? உங்கள் 19 லட்சத்துக்கு 58 வரையிலான வீடு இடிக்காமல் பொருந்தும்.