கப்பல் கட்டும் ஜெட்டி உடைந்தது, சீகிரியாப் பயணம் நின்றது: வான் காசு யார் தலையில்?

கேள்வி: திருகோணமலையில் வான் வாடகைச் சேவை நடத்துகிறேன். உல்லாசக் கப்பல் ஒன்றில் வரும் பயணிகளுக்காகக் கொழும்புச் சுற்றுலா நிறுவனம் ஒன்று 12 வான் பேசியது. சீகிரியாவுக்கு 7, வான் ஒன்றுக்கு 38,000 ரூபாய். கோணேஸ்வரம், கன்னியா, நிலாவெளிக்கு 5, வான் ஒன்றுக்கு 18,000 ரூபாய். முற்பணம் ஒரு இலட்சம் தந்தார்கள். எல்லாம் வட்ஸ்அப்பிலும் ஒரு மின்னஞ்சலிலும் பேசியதுதான். முதல்நாள் இரவு 9 மணிக்கு, "சரக்குக் கப்பல் மோதி ஜெட்டி சேதம். எங்கள் கப்பல் கட்டாது, நங்கூரமிட்டுப் படகில் ஆட்களை இறக்கும். சீகிரியா இல்லை" என்று செய்தி வந்தது. 5 வானும் ஓடின. மற்ற 7க்கும் ஒரு சதமும் இல்லை, முற்பணத்தில் மிஞ்சிய 10,000 ரூபாயையும் திருப்பித் தா என்கிறார்கள். அந்த 7 வானும் நான் வெளியில் எடுத்தவை, அவர்கள் காசு கேட்கிறார்கள். நான் யார் மீது வழக்குப் போடுவது: நிறுவனமா, துறைமுகமா, மோதிய கப்பலா?

பதில்: நிறுவனத்தின் மீதுதான். மற்ற இரண்டையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நிறுவனம் சொல்லும் "ஜெட்டி சேதம்" என்ற இரண்டு சொல்லை அப்படியே விழுங்க வேண்டாம். ஜெட்டி சேதமானால் எல்லாக் கப்பலுக்கும் ஒரே மாதிரிப் பூட்டு விழுவதில்லை. கப்பல் மோதினால் முதலில் போவது பக்கவாட்டில் தொங்கும் றப்பர் ஃபெண்டர்கள், அவற்றைத் தாங்கும் கொங்கிறீற் விளிம்பு, கயிறு கட்டும் பொலார்ட். நீருக்குள் நிற்கும் தூண்களில் வெடிப்பு உண்டா என்று சுழியோடிகள் இறங்கிப் பார்க்கும்வரை அந்தப் பகுதியை மூடுவார்கள், அல்லது நீளத்துக்கும் எடைக்கும் வரம்பு போடுவார்கள். உல்லாசக் கப்பலின் பக்கம் பல மாடி உயரம். காற்று அதைப் பெரிய விசையோடு தள்ளும். ஒரு முனையில் பொலார்ட் இல்லையென்றால் கயிறுகளுக்கு வரும் சுமை ஏறிவிடும். ஃபெண்டர் இல்லாத இடத்தில் கப்பலின் தகடு நேரே கொங்கிறீற்றில் உரசும். அதனால் சிறிய கப்பலொன்று அதே ஜெட்டியில் கட்டியிருக்கும் நாளிலேயே உல்லாசக் கப்பலுக்கு இடமில்லை என்று சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

பக்கத்தில் மா ஆலைக்கும் சீமெந்துத் தொழிற்சாலைக்கும் எண்ணெய்க்கும் இறங்குதுறைகள் உண்டே, அங்கே கட்டலாமே என்று கேட்பீர்கள். 2004 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள கப்பல், துறைமுகப் பாதுகாப்புச் சர்வதேச விதிகளின்படி ஒவ்வொரு இறங்குதுறைக்கும் எந்த வகைக் கப்பலுக்கு அனுமதி என்பது தனித்தனியே குறிக்கப்படும். சரக்குக்கு அனுமதி பெற்ற இடத்தில் பயணிகளை ஒரே இரவில் இறக்கிவிட முடியாது.

ஆகவே கப்பல் படகில் ஆட்களை இறக்கியது நியாயமே. உட்துறைமுகம் காற்றுக்கும் அலைக்கும் ஒதுக்கான இடமாக இல்லாவிட்டால் அதுவும் நடந்திராது. ஆனால் படகு நேரத்தைத் தின்னும். ஒரு கணக்குக்கு 900 பேர், 100 பேர் ஏறும் இரண்டு படகுகள், ஏற்றி இறக்கித் திரும்ப 40 நிமிடம் என்று வைத்துப் பாருங்கள். கடைசி ஆள் கரைக்கு வர 3 மணித்தியாலம் ஆகும். மாலையில் திரும்ப ஏற்றவும் அதே நேரம் வேண்டும். சீகிரியாவுக்கு ஒரு வழி ஏறக்குறைய 100 கிலோமீற்றர். போய், ஏறி, சாப்பிட்டுத் திரும்ப ஏழெட்டு மணித்தியாலம் வேண்டும். அது அந்த நாளுக்குள் அடங்கவில்லை.

வழக்கின் மையம் இங்கேதான். சீகிரியா வீதி திறந்திருந்தது. வான்கள் தயாராக நின்றன. கப்பலும் துறைமுகத்துக்கு வந்தது. உங்கள் பக்கக் கடமை எதுவும் இயலாமற் போகவில்லை. நிறுவனத்தின் கடமை காசு கொடுப்பது, அதுவும் இயலாததாகவில்லை. நமது ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படையான உரோமன் டச்சுச் சட்டத்தில், யார் குற்றமுமின்றி ஒரு கடமை நிறைவேற்றவே முடியாததானால்தான் அது கழிந்துபோகும். நட்டமாகிவிட்டது, பயனில்லாமற் போய்விட்டது என்பவை போதா. "ஃபோர்ஸ் மஜூர்" (யார் கையிலும் இல்லாத, தவிர்க்க முடியாத நிகழ்வு) என்று ஒருவர் எழுதிவிட்டதால் மட்டும் கடன் அழியாது. அப்படி ஒரு வாசகம் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், நடந்த சம்பவம் அதற்குள் வர வேண்டும்.

நிறுவனம் எதிர்வாதமாக என்ன சொல்லும்? "கப்பல் பயணிகளுக்காகத்தான் வான் பேசினோம், இது இரு பக்கத்துக்கும் தெரியும், கப்பற் பயணம் நின்றால் ஒப்பந்தமும் நிற்கும்" என்று சொல்லும். வெறுமையான வாதமல்ல. எனவே அந்த மின்னஞ்சலைச் சொல் சொல்லாகப் படியுங்கள். "துறைமுகம் மூடப்பட்டால்" என்று மட்டும் இருந்தால் நீங்கள் வலுவாக நிற்கிறீர்கள், ஏனெனில் துறைமுகம் மூடப்படவில்லை. "கப்பலின் நிகழ்ச்சி நிரல் மாறினால் கட்டணமில்லை" என்று இருந்தால் பெரும்பகுதி போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரத்துச் செய்வது பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் வழக்கு உங்கள் பக்கம் சாய்கிறது.

சாய்ந்தாலும் அந்த 7 வானுக்கான 266,000 முழுவதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஓடாததால் மிச்சமானது கழியும். வானுக்கு 200 கிலோமீற்றர், லீற்றருக்கு 9 கிலோமீற்றர் என்றால் சுமார் 22 லீற்றர் டீசல். சாரதியின் பட்டாவும் (நாட்படி) சாப்பாடும் உண்டு. அன்று வேறு ஓட்டம் கிடைத்த வான் இருந்தால் அந்த வருமானமும் கழியும். நட்டத்தைக் குறைக்க முயன்றதைக் காட்டுவது உங்களுக்கே நல்லது. இரவு 9 மணிக்குச் சொன்னால் காலை 7 மணிக்கு வேறு ஓட்டம் எங்கே பிடிப்பது என்பது உங்கள் பக்கத்தின் சிறந்த வரி. அந்த 10,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். முற்பணம் மொத்தக் கணக்குக்குத் தரப்பட்டது, ஓடிய 5 வானுக்கு மட்டும் அல்ல.

நிறுவனம் உங்களோடு தன் பெயரிலேயே பேசியதா, "இன்னாரின் முகவராக மட்டும்" என்று கையெழுத்திட்டதா என்பதையும் பாருங்கள். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டத்தால் முகவர் விடயத்தில் நமக்கு ஆங்கிலச் சட்டம் பொருந்தும். தான் யாருக்காகப் பேசுகிறாரோ அந்த முதல்வரின் பெயரை வெளிப்படையாகச் சொல்லி ஒப்பந்தம் செய்த முகவர் பொதுவாகத் தப்பிவிடுவார். சொல்லாதவர் மாட்டுவார். முற்பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்ற வங்கிக் கூற்று இதில் பேசும்.

சான்றுக்கு வருவோம். தொலைபேசியை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். வட்ஸ்அப் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து வையுங்கள். வெட்டி எடுத்த திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷொட்) மட்டும் கொடுத்தால் முன்னும் பின்னும் என்ன என்ற கேள்வி வரும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின்படி இச்செய்திகளைச் சான்றாக முன்வைக்கலாம். அடுத்து, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் துறைமுக அதிகாரசபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். 14 வேலைநாளுக்குள் முடிவு தர வேண்டும். சேத அறிக்கையைக் கேட்டால் வணிக இரகசியம் என்று மறுக்க வழியுண்டு. கேட்க வேண்டியது வேறு: அந்த இடத்தில் கட்டுவதற்கான கட்டுப்பாடு எந்தத் தேதி, எத்தனை மணிக்கு விதிக்கப்பட்டது, கப்பல் முகவருக்கு எப்போது அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளுக்கு முன்பே அறிவிப்புப் போயிருந்து, அது நிறுவனத்துக்கும் எட்டியிருந்தால், இரவு 9 மணிச் செய்திக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

பிறகு கணக்கோடு ஒரு கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், 14 நாள் கொடுங்கள். வியாபார விடயத்தில் வரும் கடிதத்தை ஏற்காதவர் பதில் எழுத வேண்டும், மௌனம் அவருக்கு எதிராகக் கொள்ளப்படலாம் என்பது சரவணமுத்து எதிர் டி மெல் வழக்கிலிருந்து (புதிய சட்ட அறிக்கைகள், 49ஆம் தொகுதி, பக்கம் 529) நம் நீதிமன்றங்கள் சொல்லிவரும் விடயம். தொகை சட்டம் குறிக்கும் வரம்புக்குள் இருந்தால் வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போயாக வேண்டும். அங்கு தீராவிட்டால் திருகோணமலையில் அந்தத் தொகைக்கு அதிகாரமுள்ள நீதிமன்றம். வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலேயே வழக்கிடக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 9ஆம் பிரிவு இடம் தருகிறது, கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்மொழிக்கு 3 வருடம் என்று 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைச் சட்டம் சொன்னாலும், செய்த வேலைக்கான கூலி என்று எதிரி வகைப்படுத்தினால் காலம் ஒரு வருடம்தான். ஒரு வருடத்துக்குள் போடுங்கள்.

துறைமுகத்தையும் மோதிய கப்பலையும் ஏன் விடச் சொன்னேன்? உங்கள் உடைமை எதுவும் உடையவில்லை. உடைந்தது ஜெட்டி, நீங்கள் இழந்தது வருமானம். இன்னொருவர் சொத்துக்கு வந்த சேதத்தால் ஏற்பட்ட வெறும் பண நட்டத்தைத் தவறான செயலுக்கான வழக்கில் பெறுவது மிகக் கடினம். இதை ஏற்றால் ஹபரண மதிய உணவுக் கடைக்காரர்வரை வழக்குப் போடலாம் என்று நீதிமன்றம் அஞ்சும். அத்தகைய வழக்குக்குக் காலமும் 2 வருடமே. கப்பலைத் தடுத்து வைக்கும் கடலியல் அதிகாரம் 1983ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின்படி மேல் நீதிமன்றத்துக்குரியது, அந்த வழக்குகள் கொழும்பில் நடப்பவை. அது ஜெட்டியின் உரிமையாளர் ஏறும் படி. அதில் ஏறுவதற்கான செலவே உங்கள் 266,000ஐ விழுங்கிவிடும்.

வான்காரர்களிடம் "நிறுவனம் தந்தால் தருகிறேன்" என்று சொல்லி நிற்க முடியாது, அப்படி முன்பே பேசியிருந்தாலொழிய. அவர்கள் உங்களோடுதான் பேசினார்கள். டீசலைக் கழித்து ஒரு தொகைக்கு இணங்கி, முழுத் தீர்வு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தச் சீட்டுகளே நிறுவனத்துக்கு எதிரான உங்கள் நட்டக் கணக்கின் ஆதாரமாகும்.

அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தத்தில் மூன்று நிலைமையைப் பிரித்து எழுதுங்கள்: கப்பல் ஜெட்டியில் கட்டுவது, நங்கூரமிட்டுப் படகில் இறக்குவது, வராமலே போவது. "காரணம் எதுவாயினும் 72 மணித்தியாலத்துக்கு முன் அறிவித்தால் கட்டணமில்லை, 24 முதல் 72 வரை 30 வீதம், 24க்குள் 60 வீதம். படகில் இறக்குவதால் நீண்ட பயணம் கைவிடப்பட்டாலும் அது இரத்தாகவே கருதப்படும்" என்ற வரி போதும். இதே வரியை உங்கள் வான்காரர்களோடும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கொடுக்கும் வீதம் நீங்கள் பெறும் வீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.