நாள்பட்ட இளைப்பு, ஒற்றைக் காலில் வீக்கம்: நீவி விடாதீர்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. 40 வருடம் விறகடுப்பில் சமைத்தவர். சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று சொல்லி எட்டு வருடமாக இன்ஹேலர் எடுக்கிறார். போன மாதம் இளைப்பு முற்றி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வீட்டுக்கு வந்த பிறகும், நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று கட்டிலை விட்டு இறங்குவதில்லை. நாலு நாளாக இடது கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது. சுளுக்காக இருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா எண்ணெய் போட்டு நீவி விட்டார். குறையவில்லை. நுரையீரல் நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா? அப்பா சாப்பிடும் ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுக்கலாமா? அடுத்த வாரம் சென்னையில் கல்யாணம். ராத்திரி பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிப் போகலாமா?
வாசகி, உசிலம்பட்டி

பதில்: சகோதரி, இன்றைக்கே அம்மாவின் காலுக்கு, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். அதுவரை அந்தக் காலை யாரும் நீவ வேண்டாம், அமுக்க வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். அம்மாவுக்குக் காலின் ஆழ்நரம்பில், அதாவது சிரையில், ரத்தம் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். நீவும்போது அந்தக் கட்டியிலிருந்து ஒரு துண்டு கழன்றால், இதயம் வழியாக நேரே நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு அக்காவைக் குறை சொல்லாதீர்கள். கால் வலி என்றால் நீவி விடுவது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான்.

நுரையீரல் நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டு, அதுவும் நெருங்கிய தொடர்பு. நுரையீரல் நாள்பட்டுக் கெட்டிருந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். அதை ஈடுகட்ட சிறுநீரகம் ஒரு ஹார்மோனைச் சுரந்து சிவப்பணுக்களைக் கூட்டச் சொல்லும்; சிலருக்கு ரத்தம் கெட்டியாகிவிடும். மூச்சுக்குழாயில் ஓயாமல் இருக்கும் அழற்சி, ரத்தம் உறையும் தன்மையையும் தூண்டிவிடுகிறது. இவற்றோடு படுக்கையும் சேர்கிறது. நடக்கும்போது கெண்டைச்சதை சுருங்கிச் சுருங்கித்தான் காலில் உள்ள ரத்தத்தை மேலே தள்ளுகிறது. கட்டிலிலேயே கிடந்தால் அந்த வேலை நின்று ரத்தம் தேங்கும்.

இன்னொன்றும் என் நோயாளிகளிடம் அடிக்கடி பார்க்கிறேன். கழிப்பறைக்கு எழுந்து போனால் இளைக்குமே என்று பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். மதுரைச் சித்திரை வெயிலில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் அம்மாவிடம் ஒரு நாளைக்கு எத்தனை செம்பு தண்ணீர் குடிக்கிறார் என்று கேளுங்கள்.

இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால், நுரையீரல் நோயால் இதயத்தின் வலது பக்கம் களைத்திருக்கலாம். அதையும் காட்டத்தான் வேண்டும். ஒற்றைக் கால் வீங்கினால் முதலில் ரத்தக்கட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும். வீட்டில் தையல் டேப் இருந்தால் முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு காலையும் அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். வித்தியாசம் குறைவாக இருக்கிறதே என்று ஸ்கேனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை, "அம்மாவுக்கு வழக்கமான இளைப்புதானே" என்று வீட்டில் எல்லோரும் பழகிப் போயிருப்பது. கட்டி நுரையீரலை அடைத்தாலும் மூச்சுத்திணறல்தான் வரும். 2021-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், சி.ஓ.பி.டி. முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்த 740 பேரைச் சோதித்தபோது 44 பேருக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி இருந்தது. மருத்துவர்களே சந்தேகப்படாத நோயாளிகளிலும் நூற்றுக்கு மூன்று பேருக்கு இருந்திருக்கிறது. ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது வித்தியாசத்தை. சளி கூடவில்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் சில நிமிடங்களில் மூச்சு முட்டுகிறது, நெபுலைசர் வைத்தும் அடங்கவில்லை, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துகிறது, சளியில் ரத்தம், மயக்கம், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு அம்மாவுக்கு வழக்கமாக இருப்பதைவிடச் சட்டென்று இறங்குகிறது. இதில் ஒன்று வந்தாலும், நடுராத்திரியானாலும், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பிரின் வேண்டாம். அது இதயத் தமனி அடைப்புக்கு உதவும் மாத்திரை. சிரையில் உள்ள கட்டிக்கு அதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. கட்டி உறுதியானால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் வகை ஊசியோ, அபிக்சபான், ரிவராக்சபான் போன்ற மாத்திரையோ, சிறுநீரகப் பரிசோதனை பார்த்துத் தருவார்கள். குறைந்தது மூன்று மாதம் எடுக்க வேண்டும். வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிடுபவர்கள் பலர். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். அதே வகையில் வார்ஃபரின் என்ற மாத்திரையைக் கொடுத்தால் முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி எல்லாம் வாரம் ஒரே அளவாக இருக்கட்டும். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்றால் ரத்தம் உறையும் அளவு ஏறி இறங்கும். சளிக்குத் தரும் சில ஆன்டிபயாட்டிக்குகள் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும் என்பதால், அடுத்த முறை இளைப்புக்குக் காட்டும்போது இந்த மாத்திரை சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள். கால் வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து. இந்த மருந்துகளோடு அதுவும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம்.

சென்னைக் கல்யாணத்துக்கு அம்மா இந்த முறை போக வேண்டாம். ராத்திரி முழுக்கக் காலை மடக்கி உட்கார்ந்து வருவது இப்போது அவருக்கு ஆகாது. சிகிச்சை தொடங்கி மருத்துவர் சரி என்றதும் வீட்டுக்குள்ளேயே நடக்க வையுங்கள்: வாசல் வரை, இளைத்தால் நின்று, மறுபடி. இன்னொரு முறை ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால், "ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசி அம்மாவுக்குத் தேவையா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். வீட்டில் இன்னும் விறகடுப்பு எரிந்தால் அதன் பக்கம் அம்மாவை விடாதீர்கள்.

உசிலம்பட்டியில் டாப்ளர் எடுக்க வசதிப்படாவிட்டால் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு, அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு, வந்துவிடுங்கள். காரில் பின்சீட்டில் காலை நீட்டிப் படுக்க வைத்துக் கூட்டி வாருங்கள். போன மாத டிஸ்சார்ஜ் சீட்டு, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், இன்ஹேலர், வீட்டில் நாட்டுமருந்துப் பொடி ஏதாவது கொடுத்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். காலை நீவி விட்டதையும் அங்கே உள்ள மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.