விழுந்து எழும்பிய நாய்க்கு நீர்க் குளிசை கொடுக்கலாமா?

வாசகர் கேள்விகள்: வீட்டுப் பிராணிகள்

கேள்வி (களுவாஞ்சிகுடி வாசகி): எங்கட லப்ரடோர் கலப்பு நாய்க்குப் பத்து வயது, 28 கிலோ. போன கிழமை காலையில் கேற்றடிக்கு ஓடினவன் பின்னங்கால் மடிந்து விழுந்திட்டான். கால் மணித்தியாலத்தில் தானே எழும்பினான். ஆனால் இரண்டு நாளில் வயிறு ஊதிவிட்டது, சாப்பாட்டை மணந்து பார்த்துவிட்டுப் போகிறான். இங்குள்ள மிருக வைத்தியர், "இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கு, கான்சராகவும் இருக்கலாம், பேராதனைக்குக் கொண்டுபோய் ஸ்கான் பண்ணுங்க" என்றார். அவ்வளவு தூரம் கொண்டுபோவதில் பலன் இருக்கா? அப்பாவின் நெஞ்சு வருத்தத்துக்குத் தரும் நீர்க் குளிசையில் பாதியைக் கொடுக்கச் சொல்கிறா பக்கத்து வீட்டு மாமி. கொடுக்கலாமா?

பதில்: குளிசையை இப்போதைக்குக் கொடுக்கவே வேண்டாம். காரணத்தைச் சொல்கிறோம், மாமிக்கும் சொல்லுங்கள்.

இதயம் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. இதய உறை என்பார்கள். அந்த உறை சட்டென்று விரியாது. அதற்குள் இரத்தம் கசிந்தால் இதயத்தை வெளியிலிருந்து நெரிக்கும். வலது பக்கச் சுவர் மெல்லியது என்பதால் முதலில் நசுங்குவது அதுதான். உடம்பிலிருந்து திரும்பும் இரத்தம் உள்ளே போக இடமில்லாமல் பின்னுக்குத் தேங்கும். அதனால்தான் வயிறு ஊதுகிறது. இதயத்திலிருந்து வெளியேறும் இரத்தமும் குறைவதால் நாய் மயங்கி விழுகிறது. வேகமாகக் கசிந்தால் அரைக் கோப்பைக்கும் குறைந்த இரத்தமே ஆளை விழுத்தப் போதும். மெல்ல மெல்லச் சேர்ந்தால் பெரிய நாயொன்று அரை லீற்றரையும் தாங்கி நடமாடும்.

நீர்க் குளிசை, அதாவது ஃபுரோசமைட், இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தின் அளவைக் குறைக்கும். நெரிபட்ட இதயம் ஏற்கெனவே நிரம்பாமல் தவிக்கிறது. இன்னும் குறைத்தால் இரத்த அழுத்தம் விழுந்து நாய் போய்விடலாம். நுரையீரலில் நீர் கோத்த நாய்க்கு உயிர் காக்கும் அதே குளிசை இங்கே எதிராக வேலை செய்யும். இந்த நிலையில் வைத்தியர் சேலைன் ஏற்றினால் பயப்படாதீர்கள். அது சரியான சிகிச்சைதான்.

இன்றைக்கே நீங்கள் பார்க்க வேண்டியது முரசு, அதாவது பல் ஈறு. மேலுதட்டைத் தூக்கி, கோரைப் பல்லுக்கு மேலே பெருவிரலால் அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். வெளுப்பாகவே நின்றாலோ, தொடையின் உள்பக்கத்தில் நாடி கைக்குத் தட்டுப்படாவிட்டாலோ, படுத்திருக்கும்போதே இதயம் நிமிடத்துக்கு 150 தாண்டி அடித்தாலோ பேராதனைக்கு வெளிக்கிடாதீர்கள். ஐந்து மணித்தியாலப் பயணத்தை அந்த நிலையில் தாங்காது. பக்கத்தில் ஊசி குத்தி இழுக்கக்கூடிய மிருக வைத்தியரிடம் முதலில் போங்கள். நீர் இருக்கும்போது ஸ்கான் பண்ணினால் கட்டி தெளிவாகத் தெரியும் என்பது உண்மை. ஆனாலும் நாய் துவண்டு கிடந்தால் முதலில் இழுப்பதுதான் முறை.

இழுப்பது இப்படித்தான். வலது நெஞ்சின் மயிரை வழித்து, மரக்கப் பண்ணும் ஊசி போட்டு, ஐந்தாம் ஆறாம் விலா எலும்புகளுக்கிடையே பிளாஸ்ரிக் குழாயுள்ள ஊசியை இறக்குவார்கள். வருவது பழைய இரத்தம் போலக் கடுஞ்சிவப்பாக இருக்கும். கொஞ்சத்தை வெறும் கண்ணாடிக் குழாயில் விட்டு வைப்பார்கள். உறைக்குள் தேங்கிய இரத்தம் கட்டியாகாது. கட்டியானால் ஊசி இதயத்துக்குள் போயிருக்கலாம், அல்லது அந்த நேரத்திலேயே இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். சரியாக இழுத்தால் சில நிமிடங்களிலேயே முரசு நிறம் மாறும், நாய் தலையைத் தூக்கிப் பார்க்கும். எத்தனை மில்லிலீற்றர் எடுத்தார்கள் என்று கேட்டுத் திகதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை எவ்வளவு வேகமாகச் சேர்ந்தது என்று தெரிய அந்தக் கணக்குத்தான் உதவும்.

வயிற்றில் இருக்கும் நீரையும் ஒரு துளி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிர் மஞ்சளாகவோ லேசான ரோசாவாகவோ இருந்தால் அது இதயத்திலிருந்து தேங்கியது. அப்படியே இரத்தமாக வந்தால் மண்ணீரலிலோ ஈரலிலோ ஒரு கட்டி வெடித்திருக்கலாம். அது வேறு வழக்கு, வேறு அவசரம்.

இனி கான்சர். பெரிய இன, வயது போன நாய்களில் இதய உறைக்குள் இரத்தம் சேர முதற் காரணம் ஹிமாஞ்சியோசார்கோமா என்ற இரத்தக் குழாய்க் கட்டி. வலது மேலறையில் வரும். அதனால் உங்கள் வைத்தியர் சந்தேகப்பட்டது சரியே. ஆனால் அது ஒன்றுதான் காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. பெருந்தமனி தொடங்கும் இடத்தில் வரும் இன்னொரு கட்டி மிக மெல்ல வளரும். உறையை அறுத்து எடுத்துவிட்டால் அந்த நாய்கள் ஒரு வருடம், இரண்டு வருடம்கூட இருப்பதுண்டு. எந்தக் கட்டியும் இல்லாமல், காரணமே தெரியாமல் இரத்தம் சேரும் நாய்களும் உண்டு. அவற்றில் ஏறத்தாழப் பாதிக்கு ஒன்றிரண்டு தடவை இழுத்தாலே திரும்ப வராது.

நம் பகுதியில் மறக்கக்கூடாதது எலி மருந்து. வயலோடு ஒட்டிய வீடுகளிலும் நெல் மூட்டை அடுக்கிய அறைகளிலும் வைக்கும் மருந்துகளில் ஒரு வகை இரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்று மூன்று முதல் ஐந்து நாளுக்குப் பிறகுதான் குணம் காட்டும். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்ற நாய்க்கும் வரலாம். நெஞ்சுக்குள், உறைக்குள், வயிற்றுக்குள் எங்கேயும் இரத்தம் கசியும். இரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்தால் பிடிபட்டுவிடும். அதற்கு மாற்று மருந்து விற்றமின் கே1. கொழுப்புள்ள சாப்பாட்டோடு ஏறத்தாழ நான்கு கிழமை கொடுத்து, நிறுத்தி இரண்டு மூன்று நாளில் மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். வீட்டில் எலி மருந்துப் பைக்கற் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். இதைக் கான்சர் என்று நினைத்துக் கைவிட்டால் அதைப்போலக் கொடுமை வேறில்லை. ஊசி குத்துவதற்கு முன்னமே இந்தச் சோதனையைக் கேளுங்கள். இரத்தம் உறையாத நாய்க்குக் குத்தினால் இன்னும் கசியும். கூடவே உண்ணிக் காய்ச்சலுக்கும் இரத்தப் பூச்சு பார்க்கச் சொல்லுங்கள். முரசு வெளுக்கவும் நாய் சோர்ந்து விழவும் அதுவும் ஒரு காரணம்.

ஆகவே, நாய் நிதானமாக இருந்தால் பேராதனைக்குப் போவதில் பலன் உண்டு. பல்கலைக்கழக மிருக வைத்திய ஆஸ்பத்திரியில் இதயத்தை மட்டும் பார்க்காமல் மண்ணீரல், ஈரலையும் ஸ்கான் பண்ணி, நெஞ்சு எக்ஸ்றேயும் எடுக்கக் கேளுங்கள். இழுத்த நீரைச் சோதித்து "கான்சர் கலங்கள் இல்லை" என்று ரிப்போர்ட் வந்தால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். இந்தக் கட்டி பெரும்பாலும் நீருக்குள் கலங்களை விடுவதில்லை.

மகியங்கனைப் பாதையில் வளைவு அதிகம். நாலு மணித்தியாலத்துக்கு முன்னமே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். விடியமுன் வெளிக்கிடுங்கள், வானின் பின்பெட்டியில் அடைக்காதீர்கள். நெஞ்சை நிலத்தில் வைத்துப் படுக்கவே நாய் விரும்பும், பக்கவாட்டில் சரிக்க வேண்டாம். வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கக்கூடாது. பெட்சீற்றில் கிடத்தி இரண்டு பேர் தூக்குங்கள். கழுத்துப் பட்டியைக் கழற்றி நெஞ்சுப் பட்டி போடுங்கள்.

கேள்வி (திருக்கோவில் வாசகர்): பதினொரு வயது பொமரேனியன், 5 கிலோ. இரவில் இருமுகிறது. பாமசியில் சின்னப் பிள்ளைகளின் இருமல் பாணி தந்தார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. அப்படியான பாணிகளில் சிலவற்றில் பரசிற்றமோல் இருக்கும், சிலவற்றில் இதயத்தை வேகமாக அடிக்கவைக்கும் மூக்கடைப்பு மருந்து இருக்கும். இரண்டும் உங்கள் நாய்க்குக் கூடாது.

சின்ன இன நாய்க்கு இந்த வயதில் இருமல் என்றால் இரண்டு சந்தேகம்: இதயத்தின் இடது பக்க வால்வு தடித்து ஒழுகுவது, அல்லது மூச்சுக் குழாய் தளர்ந்து ஒட்டுவது. வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் என்றால் பெரும்பாலும் இரண்டாவது. பிரித்தறிய எக்ஸ்றே வேண்டும்.

வீட்டில் இன்றிரவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு மூச்சாகக் கொண்டு 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். 30க்குக் கீழே இருக்க வேண்டும். கனவு கண்டு கால் உதறும்போது எண்ணாதீர்கள். இரண்டு மூன்று தடவை எண்ணியும் 30க்கு மேலே நின்றால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

வால்வுதான் என்று உறுதியானால் பிமோபெண்டான் என்ற இதய மருந்தை எழுதுவார்கள். 5 கிலோவுக்கு வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 1.25 மில்லிகிராம், 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன். இதயம் பெருத்து, ஆனால் இன்னும் நீர் கோக்காத நிலையிலேயே இதைத் தொடங்கினால் அந்த நாள் சராசரியாக 15 மாதம் தள்ளிப்போகிறது என்று 2016இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. நீர் கோத்த பிறகுதான் ஃபுரோசமைட். மனிதர்களின் 40 மில்லிகிராம் குளிசையே தருவார்கள். உங்கள் நாய்க்கு அதில் கால் பங்கு ஒரு வேளைக்கு என்ற கணக்கில்தான் தொடங்குவார்கள். முழுதாகக் கொடுத்தால் நாலு மடங்கு. தொடங்கி ஒன்றிரண்டு கிழமையில் சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இரத்தம் பாருங்கள். அடிக்கடி சிறுநீர் போகிறதே என்று தண்ணீரை மறைத்து வைக்காதீர்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகி): இதய வருத்தம் உள்ள நாய்க்கு என்ன சாப்பாடு? எங்கட நாய் கருவாட்டுக் குழம்பு இல்லாமல் சோறு தொடாது.

பதில்: கருவாடு, மாசி, பாண், பிஸ்கட் நான்கிலும் உப்பு அதிகம், நிறுத்த வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் பட்டினி கிடக்கும், ஒரு கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். உப்பில்லாமல் அவித்த சூடை அல்லது கீரி மீனின் முள்ளை எடுத்து, அவித்த தண்ணீரோடேயே சோற்றில் பிசைந்தால் மணம் இழுக்கும். முட்டை, கோழி, பூசணிக்காயும் நல்லது. வெங்காயம், உள்ளி, பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) கூடாது. ஒரு நேரத்தில் வயிறு நிறையக் கொடுக்காமல் மூன்று நான்கு தடவையாகக் கொடுங்கள். இறைச்சி, மீனைக் குறைக்க வேண்டாம். இந்த வருத்தம் சதையைத் தின்னும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நடையைக் காலை ஆறு மணிக்கு முன்னம் முடித்துவிடுங்கள்.

கேள்வி (மட்டக்களப்பு நகர வாசகர்): இதயத்திலும் மண்ணீரலிலும் கட்டி என்று ஸ்கானில் தெரிந்துவிட்டது. கிழமைக் கணக்குத்தான் என்கிறார்கள். ஊசி போட்டு அனுப்புவது பாவம் என்று அம்மா அழுகிறா. வீட்டில் இன்னொரு நாயும் இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?

பதில்: இரண்டு இடத்திலும் இருந்தால் வைத்தியர் சொன்ன கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஒரு இடத்தில் மட்டும் இருந்து, வெட்டியெடுத்து, டொக்சோரூபிசின் என்ற கான்சர் மருந்தை ஏற்றினாலும் பெரும்பாலும் சில மாதங்கள்தான். அந்த வைத்தியத்துக்குப் போகவில்லை என்று நீங்கள் உங்களைக் குற்றம் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கட்டியின் முடிவு எப்படி வரும் என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். ஒரு இரவில் அது வெடிக்கும். முரசு கடதாசி போல வெளுக்கும், கால் குளிரும், எழும்ப முடியாமல் மூச்சுக்குத் தவிக்கும். அந்த நேரத்தில் வாகனமும் வைத்தியரும் தேடினால் கிடைக்காது. அந்த இரவு வருமுன் நிம்மதியாக அனுப்புவதைப் பாவம் என்று எங்களால் சொல்ல முடியாது.

நாட்காட்டியில் தினமும் குறியுங்கள்: தானாக எழும்பி வெளியே போனானா, சாப்பிட்டானா, உங்களைக் கண்டு வாலாட்டினானா. மூன்றில் இரண்டு இல்லாத நாளுக்குக் கறுப்புப் புள்ளி. ஒரு கிழமையில் கறுப்புப் புள்ளிகள் அதிகமானால் வைத்தியரை அழையுங்கள். வீட்டுக்கு வருவாரா, இரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது, யார் வாகனம் ஓட்டுவது என்பதை இன்றே பேசிவையுங்கள். வலிக்கு மனிதர்களின் டைக்ளோபினாக், இபுபுறோபன் கொடுக்காதீர்கள். குடலில் இரத்தம் கசியவைக்கும்.

முதலில் தூங்க வைக்கும் ஊசி. பிறகு இரத்த நாளத்தில் மயக்க மருந்தை அளவுக்கு மேலே செலுத்துவார்கள். ஓரிரு நிமிடத்தில் மூச்சும் இதயமும் நிற்கும். அதன்பின் ஒன்றிரண்டு தடவை வாய் திறந்து மூச்சு இழுப்பது போலத் தெரியலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் போகலாம், கண் மூடாது. அந்த நேரம் அவனுக்கு எதுவும் தெரியாது. இதை அம்மாவுக்கு முன்னமே சொல்லிவையுங்கள், பயப்படாமல் பக்கத்தில் இருந்து தலையைத் தடவுவா.

கிணற்றுக்கு எட்டத்தில், நாலடி ஆழத்தில் புதையுங்கள். நம் மணலைத் தெரு நாய்கள் இலகுவாகத் தோண்டும். உடம்பில் தங்கும் அந்த மருந்து, தோண்டித் தின்ற நாயையும் கொல்லும். மேலே கல் வையுங்கள்.

மற்ற நாயை வந்து மணந்து பார்க்க விடுங்கள். சில நாளைக்குக் குறைவாகச் சாப்பிடும், வாசலில் படுத்திருக்கும். இரண்டு நாளுக்கு மேல் சாப்பாட்டைத் தொடாவிட்டால் கவலையில் இருக்கிறது என்று விட்டுவிடாமல், காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி பார்த்து, இரத்தம் எடுத்துச் சோதியுங்கள்.