தறிக்குழிச் சேறு

அன்புள்ள ஐயா,

2022 ஆகஸ்டில் காவிரி வெள்ளம் வடிந்தபோது நண்பர்கள் எட்டுப் பேர் பவானிப் பக்கம் ஒரு தெருவில் இரண்டு நாள் சேறு அள்ளினோம். உடம்பு வலியைவிட மனசு வலிதான் அதிகம். ஒரு வீட்டில் நனைந்து நாறிய மெத்தையைக்கூடத் தூக்கிப் போட விடவில்லை. இன்னொரு வீட்டு அம்மா, நாங்கள் வெளியே கொட்டிய குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே எடுத்து வைத்தார். பத்து வீடு முடிக்கலாம் என்று போனோம், நாலுதான் முடிந்தது. மேட்டூர் மறுபடி நிரம்புகிறது என்கிறார்கள். இந்தத் தடவை அரிசியும் போர்வையும் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பது நண்பர்கள் கருத்து. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆர்., பெருந்துறை

அன்புள்ள ஆர்.,

அந்த அம்மா செய்ததுதான் சரி. 2018 ஆகஸ்டில் நானும் இப்படிச் சேறு அள்ளப் போய் ஒரு காரியம் பண்ணிவிட்டு வந்தேன், அதனால் சொல்கிறேன்.

நம் பக்கத்து வெள்ளம் ஒரு மாதிரியானது. மழை குடகிலும் வயநாட்டிலும் பெய்யும். இங்கே வெயில் காயும், ஆறு மட்டும் ஏறும். மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டால் வருகிற தண்ணீரை அப்படியே விட்டாக வேண்டும். இரண்டு லட்சம் கன அடி என்று செய்தியில் சொல்கிறார்களே, அது வினாடிக்குச் சுமார் 56 லட்சம் லிட்டர். அந்த 2018இல் பவானி ஆற்றிலும் வெள்ளம். கூடுதுறையில் இரண்டு ஆறும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. முன்கூட்டியே எச்சரித்துவிடுவதால் டிவியையும் ஆட்டையும் மேட்டுக்கு ஏற்றிவிடலாம். தறியை என்ன செய்வது? பவானி ஜமுக்காளம் நெய்வது குழித்தறியில். தரையைத் தோண்டி, குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதித்து நெய்வார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா?

அப்படி ஒரு வீட்டுக்குத்தான் தண்ணீர் வடிந்த மறுநாள் போனோம். குழி நிறைய வண்டல், கொழகொழவென்று, சாக்கடையும் டீசலும் கலந்த வாடையோடு. ஈரத்தோடு அள்ளிவிட வேண்டும், இரண்டு நாள் காய்ந்துவிட்டால் மம்முட்டி இறங்காது. நான் குழிக்குள் இறங்கிச் சட்டி சட்டியாக எடுத்துக் கொடுத்தேன். வேலை வேகத்தில், சுவரோரம் ஆணியில் சுருட்டித் தொங்கிய ஒரு நூல் சிக்கலையும் பிடித்து இழுத்துக் குவியலில் எறிந்தேன். சேறு அப்பி, தரை துடைக்கிற துணி மாதிரிதான் இருந்தது. வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அலசினார்.

உள்ளே இருந்தது அச்சும் விழுதும், அதாவது நீளவாட்டு நூலான பாவைக் கோத்து வைக்கிற சீப்பும் கண்ணிகளும். பாவு நெய்து முடித்ததும் நுனி இழைகளை அறுத்தெறியாமல் அதிலேயே விட்டுவைப்பார்கள். புதுப் பாவு வந்ததும் இழைக்கு இழை அந்த நுனியோடு பிணைத்து இழுத்தால் தறி ஓடத் தயார். நுனி போய்விட்டால் ஒவ்வோர் இழையையும் விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் புதிதாகக் கோக்க வேண்டும். நான் இழுத்த இழுப்பில் ஒரு பக்கம் அறுந்திருந்தது. "பரவாயில்லீங்க கண்ணு, தெரியாமத்தானே பண்ணுனீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பத்து வீடு என்பது நீங்கள் போட்ட கணக்கு. முகாமில் யாரோ சொன்ன இடத்தில் படுத்து, யாரோ போட்டதைச் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு, எதை வைப்பது எதை எறிவது என்பதையும் எட்டுப் பேர் முடிவு செய்தால் எப்படி இருக்கும்?

மெத்தை விஷயத்தில் நான் உங்கள் கட்சிதான். சாக்கடைத் தண்ணீர் குடித்த பஞ்சில் இனிமேல் படுக்க முடியாது. ஆனால் அது கல்யாணச் சீரோடு வந்த மெத்தையாக இருக்கலாம். ஒருநாள் விட்டுப் போய்ப் பாருங்கள், அவர்களே தெருவில் போட்டிருப்பார்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வாசலில் ஒரு தார்ப்பாய் விரித்து, பக்கத்தில் நாற்காலி போட்டு வீட்டுக்காரர் ஒருவரை உட்காரச் சொல்லுங்கள். எடுத்து வருகிற ஒவ்வொன்றையும் அவரிடம் காட்டி, கழுவவா, காயவைக்கவா, போடவா என்று கேளுங்கள். நேரம் பிடிக்கும்தான், நாலு வீடு முடிந்தால் போதும். ரேஷன் கார்டு, பத்திர நகல், சங்கத்துப் பாஸ்புக் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்காதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். நிழலில், செய்தித்தாள் நடுவே வைத்து மெல்ல உலரட்டும். மெயினை அணைத்து, வயரிங் தெரிந்தவர் பார்த்துச் சொன்ன பிறகு மற்றவர்கள் உள்ளே போகலாம். காலில் புண் இருக்கிறவர் சேற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது.

அரிசி முதல் சில நாளுக்குச் சரி. வீடு திரும்பிய பிறகு வேண்டியது கையாள். அப்புறம், ஜமுக்காளம் நெய்கிறவர் வீட்டுக்குப் போர்வை கொண்டு போவதை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்! காப்பி கொடுத்தால் "எதுக்குங்க சிரமம்" என்று மறுக்காமல் குடியுங்கள். அந்த வீட்டில் அன்றைக்கு அவர்களால் செய்ய முடிந்த உபசாரம் அதுதான்.

புறப்படும் நாளைச் சொல்லுங்கள். என்னிடம் மூன்று சட்டியும் ஒரு மம்முட்டியும் இருக்கின்றன. மம்முட்டிக்குக் காம்பு மாற்ற வேண்டும்.