ப்ரீமியரை விட்டுவிடலாமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

நான் மன்னார்குடி. பி.காம் இரண்டாம் வருடம். வலோரண்ட் என்கிற ஐந்துக்கு ஐந்து துப்பாக்கிச் சண்டை கேமில் எட்டு மாசமாக கோல்டு 2, கோல்டு 3 என்ற இரண்டு ரேங்க்குக்கு நடுவிலேயே கிடக்கிறேன். அதில் நிலையான டீமாகச் சேர்ந்து ஆடுகிற ப்ரீமியர் போட்டிக்கு நாங்கள் ஐந்து பேர் டீம் வைத்திருக்கிறோம், இன்டர்மீடியட் டிவிஷன். தனி ஆளுக்கு ரேங்க் தருகிற காம்பெட்டிட்டிவ் ஆட்டத்தில், கோல்டுக்கு மேலே டைமண்டில் இருக்கும் என் காலேஜ் நண்பன், "ப்ரீமியரெல்லாம் கணக்கிலேயே வராது, அந்த நேரத்தில் ரேங்க் ஏத்து" என்கிறான். எங்களில் ஒருவன் ராத்திரி த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்தால் மோட்டார் போட வயலுக்குப் போய்விடுவான், அன்றைக்கு ஆள் குறைந்துவிடுகிறது. ப்ரீமியரை விட்டுவிட்டுத் தனியாக ரேங்க் ஆடவா? எது உண்மையான திறமையைக் காட்டும்?

ஒரு வாசகன், மன்னார்குடி

அன்புள்ள தம்பி,

விட வேண்டாம். ஆனால் உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆளின் கை எப்படி என்று பார்க்க காம்பெட்டிட்டிவ்தான் சரியான அளவுகோல். ஒன்றிரண்டு மேட்ச்சில் எதுவும் தெரியாது. நம் டீமில் ஒருவன் பாதியில் எழுந்துபோவான், எதிர் டீமில் புது ஐடியில் ஒரு பெரிய ஆள் வந்து எல்லோரையும் அடித்துக்கொண்டிருப்பான், அதெல்லாம் நடக்கும். நூறு, இருநூறு மேட்ச் என்று போகும்போது இந்த அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் ஏறக்குறைய சரிக்குச் சரி ஆகிவிடும், அத்தனை மேட்ச்சிலும் மாறாமல் இருந்த ஒரே ஆள் நீங்கள்தான். வெளியே தெரிகிற ஆர்.ஆர். என்ற ரேங்க் புள்ளி ஏறி இறங்கினாலும் உள்ளே கேம் தனியாக ஒரு மதிப்பு வைத்திருக்கிறது, ஆர்.ஆர். கடைசியில் அதன் பக்கம்தான் போய் நிற்கும். எட்டு மாசமாக கோல்டு என்றால் இப்போதைக்கு உங்கள் கை கோல்டு கை. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சரி, அந்த ரேங்க் அளப்பது எதை? முன்பின் தெரியாத ஆட்களோடு சேர்ந்து நீங்கள் எவ்வளவு ஜெயிக்கிறீர்கள் என்பதை. அதற்கு வெளியே இந்த ஆட்டத்தில் இன்னும் நிறைய இருக்கிறது.

ரவுண்டுக்கு ரவுண்டு ஆயுதம் வாங்க கேமுக்குள் கிடைக்கிற பணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டல் ரவுண்டில், அதாவது முதல் ரவுண்டில், கையில் இருக்கிற 800ஐயும் செலவழித்து, ஒருவரையும் அடிக்காமல் செத்துத் தோற்றுவிட்டீர்கள் என்று வைப்போம். அடுத்த ரவுண்டுக்குக் கையில் 1900. அதில் எதுவும் வாங்காமல் ஆடி, செத்துத் தோற்றால் மறுபடி 2400 வரும், மொத்தம் 4300. வேண்டல் துப்பாக்கி 2900, பெரிய ஷீல்டு 1000, போக 400க்கு பார்வையை மறைக்கிற ஸ்மோக்கோ கண்ணைக் கூச வைக்கிற ஃப்ளாஷோ வாங்கலாம். மூன்றாவது ரவுண்டில் ஐந்து பேரும் முழு ஆயுதத்தோடு நிற்பீர்கள். ஆனால் காம்பெட்டிட்டிவில் என்ன நடக்கும்? இரண்டு பேர் எதுவும் வாங்காமல் பணத்தைச் சேவ் பண்ணுவார்கள், மற்ற இரண்டு பேர் பொறுக்க முடியாமல் 1600 கொடுத்து ஸ்பெக்டர் துப்பாக்கி வாங்கிச் செத்துப்போவார்கள், அவர்கள் கையில் மூன்றாவது ரவுண்டுக்கு 2700தான் இருக்கும், அதில் வேண்டல் வராது. ஐந்தாவது ஆள் மைக்கில் இந்தியில் யாரையோ திட்டிக்கொண்டிருப்பான். இப்படி ஒரே கணக்கை ஐந்து பேரும் ஐந்து விதமாகப் போட்டால் இரண்டு ரவுண்டு வீண். பழகின செட்டாக இருந்தால் "சேவ்" என்ற ஒரு சொல் போதும்.

என் அனுபவம் ஒன்று. எங்கள் டீம் கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் என்று பிரிந்து கிடக்கிற டீம். போன வருஷம் ஒரு ப்ரீமியர் மேட்ச், அசெண்ட் மேப், 12-11 என்று நாங்கள் முன்னால் இருந்தோம். பி சைட் என்ற இடத்தில் எதிராளிகள் ஸ்பைக்கை, அதாவது வெடிகுண்டை, வைத்துவிட்டார்கள். நானும் மாமா பையனும் மட்டும் உயிரோடு, எதிரில் ஒருவன். எங்கள் டீமில் ஸ்மோக் போடுகிறவன் மாமா பையன்தான். ஸ்மோக் போடுவது மடை அடைக்கிற மாதிரி, முந்தி அடைத்தால் உடைத்துக்கொண்டு வேறு பக்கம் போகும், பிந்தினால் வயல் மூழ்கியிருக்கும். அவன் ஸ்பைக் மேல் ஸ்மோக்கை இறக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான். ஸ்பைக்கை வெடிக்காமல் முழுசாக எடுக்க 7 செகண்ட் வேண்டும். எதிராளி கண்மூடித்தனமாகச் சுட்டதில் மாமா பையன் செத்தான், சாகும்போதே "பாதி எடுத்தாச்சு, பாதி எடுத்தாச்சு" என்று கத்தினான். பாதியைத் தாண்டிவிட்டால் அது அப்படியே நிற்கும், மிச்சம் மூன்றரை செகண்ட்தான். நான் ஆளைத் தேடவே இல்லை. அந்த மேப்பில் மார்க்கெட் என்கிற பக்கமிருந்து நேராக ஓடி அதே ஸ்மோக்குக்குள் குந்தினேன். பீப் சத்தம் வேகமாகிக்கொண்டே போகிறது, காதோரம் குண்டு போகிறது, எடுத்துவிட்டேன். அந்த மேட்ச் முழுக்க மாமா பையன் எடுத்தது ஆறு கில். ஸ்கோர்போர்டில் கடைசி ஆள் அவன். மைக்கை அணைத்து வைத்திருக்கும் ஒருவன் அந்த இடத்தில் இருந்திருந்தால் எனக்கு அந்தப் பாதி தெரிந்திருக்காது, ஆளைத் தேடிப் போயிருப்பேன், ஸ்பைக் வெடித்திருக்கும்.

இதை உங்கள் நண்பரின் டைமண்ட் ரேங்க் காட்டாது. ப்ரீமியர் காட்டும். அதில் ஜெயித்து வருகிற புள்ளி டீமுக்கு, தனி ஆளுக்கு இல்லை. ஜெயித்தால் 100, தோற்றாலும் 25 என்று வைத்திருந்தார்கள், ஐந்து பேரும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்ததற்கே ஒரு மரியாதை அது. இந்த வாரம் இந்த மேப் என்று முன்கூட்டியே தெரிவதால் உட்கார்ந்து பேசலாம், ஒத்திகை பார்க்கலாம். நடுவில் டைம் அவுட் எடுத்து "அடுத்த ரவுண்டு ஏ போகலாம்" என்று நிதானமாக முடிவு செய்யலாம். காம்பெட்டிட்டிவில் எதிர்பார்க்கவே முடியாத விஷயம் இது. கணக்கிலேயே வராது என்பதும் தப்பு. உங்கள் காம்பெட்டிட்டிவ் ரேங்க்கை அது தொடாது, அவ்வளவுதான்.

இனி வயலுக்குப் போகிற நண்பர் விஷயம். ப்ரீமியர் முறைப் பாசனம் மாதிரி, குறித்த நாளில் குறித்த நேரத்துக்குள் க்யூ போட்டால்தான், அதாவது மேட்ச் தேடி வரிசையில் நின்றால்தான் மேட்ச், தவறினால் அந்த முறை போய்விட்டது. கரண்ட் வருகிற நேரத்தை அவர் மாற்ற முடியாது, அவரைக் குறை சொல்லவும் கூடாது, அந்தத் தண்ணீரில்தான் வீட்டுச் சாப்பாடு இருக்கிறது. ஐந்துக்கு மேல் மாற்று ஆளையும் டீமில் சேர்க்க முடியும், எனவே ஆறாவதாக ஒருவரை இப்போதே சேர்த்துப் பழக்குங்கள். குறுவை அறுப்பு சமயத்தில் ரொம்ப உதவும். மிச்ச நாளில் நாலு பேர் மட்டும் இருந்தால் காம்பெட்டிட்டிவில் நாலு பேராக க்யூ போட விடாது, மூன்று பேரும் ஒருவருமாகப் பிரியாமல் இரண்டு இரண்டாகப் பிரிந்து ஆடுங்கள், யாரும் தனியாக நிற்க வேண்டியிருக்காது.

தனி ரேங்க்கும் ஆடுங்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாள், கை பழக. ப்ரீமியர் இருக்கிற நாளில் அதைத் தொட வேண்டாம், தோற்ற எரிச்சலோடு டீமில் வந்து உட்கார்ந்தால் முதல் ரவுண்டிலேயே குரலில் தெரிந்துவிடும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். மோட்டார் போடப் போகும் அந்த நண்பர் டீமில் என்ன ரோல் ஆடுகிறார்? ஸ்மோக் போடுகிறவர் என்றால் ஆறாவது ஆளைத் தேர்ந்தெடுப்பது வேறு மாதிரி. எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்