சர்க்கரை, பிரஷருக்கு மூலிகை: வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி: ஆவாரைக் குடிநீர் (ஆவாரையோடு வேறு மூலிகைகளும் சேர்ந்த சித்த மருந்துக் கஷாயம்) ஒரு வாரம் குடித்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 148-லிருந்து 136 ஆகிவிட்டது. மருந்து பிடித்துவிட்டதா?

பதில்: இதை வைத்துச் சொல்ல முடியாது. வீட்டு குளுக்கோமீட்டரில் 15 சதவீதம் வரை முன்பின் இருக்கும். இந்த 12 அதற்குள் அடங்கிவிடும். தவிர, குடிநீரில் சேரும் கடலழிஞ்சில் என்ற மூலிகை மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியைத் தடுப்பது. அந்தப் பலனை வெறும் வயிற்றில் தேடினால் கிடைக்காது. முதல் கவளத்திலிருந்து 2 மணி நேரம் கழித்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஒப்பிடும் நாட்களில் சாப்பாடும் அளவும் ஒன்றாக இருக்கட்டும். தொடங்கும் முன் ஒரு ஹெச்பிஏ1சி (சுமார் 3 மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), 3 மாதம் கழித்து ஒன்று, இரண்டும் ஒரே லேபில். இடையில் சோற்றையும் பாதியாக்கிவிட்டால், குறைத்தது குடிநீரா பட்டினியா என்று எந்த டெஸ்டும் சொல்லாது. டாக்டர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்துபோகலாம் என்பதால் அவருக்கும் தெரியட்டும்.

கேள்வி: பெயர் போடாத டப்பாவில் வந்த பொடி, மூன்றே நாளில் 100 புள்ளி இறக்கியது!

பதில்: சந்தோஷப்படாதீர்கள். மூலிகை இவ்வளவு வேகமாக இறக்காது. மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு போன்ற அலோபதி மாத்திரைகளைப் பொடித்துக் கலந்திருக்கலாம். கிளிபென்கிளமைடு முதியவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் சர்க்கரையை மணிக்கணக்கில் தாழ்த்தி மயக்கத்தில் தள்ளும். வியர்வை, நடுக்கம் வந்தால் உடனே குளுக்கோஸ் கரைத்துக் கொடுங்கள். பொடியை டப்பாவோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் ஒப்படையுங்கள். நல்ல தயாரிப்பில் உரிம எண், பேட்ச் எண், சேர்மானம், காலாவதித் தேதி நாலும் இருக்கும். அந்த பேட்சின் உலோகப் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள்: ஈயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) மேல் போகக் கூடாது.

கேள்வி: சர்ப்பகந்தி மூலிகையின் வேர் பிரஷரைக் குறைக்குமாமே?

பதில்: குறைக்கும். மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளிகளிடம் பார்த்த பலனை 1949-இல் வெளியிட்டார். 1952-இல் அதன் வேரிலிருந்து ரெசர்பின் என்ற, பிரஷரைக் குறைக்கும் சத்து பிரித்தெடுக்கப்பட்டது. சிக்கல் அளவில்தான். வேருக்கு வேர் சத்து மாறும். கூடினால் மூக்கடைப்பு, நாடித்துடிப்பு குறைதல், மனச்சோர்வு. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி நீங்களே இடித்துச் சாப்பிடும் சரக்கல்ல. இருமலுக்கு அதிமதுரம் மெல்லுகிறவர்களும் கவனிக்க: அது பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும்.

கேள்வி: பிரஷரை எத்தனை முறை பார்க்க வேண்டும்?

பதில்: 7 நாள், காலையும் மாலையும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை. முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி எடுங்கள். காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும்; 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, கை நெஞ்சு மட்டத்தில். சராசரி 135/85-ஐத் தொட்டால் உயர் அழுத்தம்.

கேள்வி: சர்க்கரைக்குச் சிறுகுறிஞ்சான் இலை நல்லது என்னும் ஆய்வுகளை நம்பலாமா?

பதில்: எலியிலா மனிதரிலா என்று முதலில் பாருங்கள். அடுத்து, ஒப்பீட்டுக் குழுவுக்கு (ஒப்பிட்டுப் பார்க்க, இந்த மருந்து தராமல் வைத்திருப்பவர்களுக்கு) என்ன கொடுத்தார்கள்? இந்த இலையை மென்றால் சீனி மணல்போல் ஆகிவிடும். பொடியாகக் கொடுத்தால் எது மருந்து, எது வெற்றுப்பொடி என்று நாக்கே காட்டிக் கொடுத்துவிடும். கேப்சூலில் அடைத்துக் கொடுத்த ஆய்வுக்கே என் மதிப்பெண்.